தடைசெய்யப்பட்ட கடலில் ஒரு பாய்க்கப்பல்

சிறிய பாய்க்கப்பலிற் பெருங்கடலைக் கடந்தவர்களின் வரலாறுகள் மேல்நாட்டு மொழிகளில் ஏராளம். 1895ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலிருந்து ‘ஸ்பிறே’ என்ற சிறு கலத்தில் தன்னந்தனியராகப் புறப்பட்டு, 1898இல் உலகைச் சுற்றிவந்து கரைசேர்ந்த யோசுவா சிலோக்கம் எழுதிய நூல் இவ்வகையில் முன்னோடி. அதன் பின்னர் வந்தவை ஒரு நூலகத்தையே நிரப்பக்கூடியவை. புயலும், தாகமும், தனிமையும், திசை தப்புதலும், இறுதியிற் கரை காண்பதும் இக்கதைகளின் பொதுப்பொருள். மாணவர்கள் இவற்றை விரும்பிப் படிக்கின்றனர். அதில் தவறில்லை. மனிதனின் துணிவையும் நிதானத்தையும் இவை எடுத்துக் காட்டுகின்றன.

ஆயினும் இக்கதைகளிற் பெரும்பாலானவற்றில் கடல் வெறும் நீர்ப்பரப்பாகவே காட்டப்படுகிறது. அங்கே அரசு இல்லை, சட்டம் இல்லை, யுத்தம் இல்லை. தீவுகளில் வாழும் மக்கள் தூரத்துக் காட்சியாக வந்து மறைகின்றனர். காற்றும் அலையுமே பகைவர்கள். உண்மையிற் கடலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனைத் தமதாக்க முயன்றோர் உண்டு; அம்முயற்சிக்கு விலையாகத் தமது நிலத்தையும் உடல்நலத்தையும் இழந்தோர் உண்டு. அந்தச் சரித்திரத்துக்குள் தெரிந்துகொண்டே புகுந்த ஒரு சிறு கலத்தின் கதையை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1958 ஜூன் 11ஆம் திகதி ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுத் துறைமுகத்திலிருந்து ‘ஹிரோஷிமாவின் பீனிக்ஸ்’ என்ற பெயருடைய பாய்க்கப்பல் மேற்கு நோக்கிப் புறப்பட்டது. அதன் நீளம் 50 அடி. பாய்மரங்கள் இரண்டு. கலத்தில் இருந்தவர்கள் ஐவர்: ஏர்ள் றெயினோல்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர், அவர் மனைவி பார்பரா, இருபது வயது மகன் டெட், பதினான்கு வயது மகள் ஜெசிக்கா, ஹிரோஷிமாவைச் சேர்ந்த நியிச்சி மிக்காமி என்ற இளைஞர். மூன்று வாரங்களின் பின் அவர்கள் செய்த குற்றம், சமுத்திரத்தின் மேல் வரையப்பட்டிருந்த ஒரு கோட்டைத் தாண்டியமையே. அந்தக் கோடு அலைகளின் மேல் எவர் கண்ணுக்கும் தெரியாதது. ஆனால் அதற்குப் பின்னால் ஐதரசன் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன.

எவருடைய கடல்?

அக்கோடு எங்ஙனம் வந்தது என்பதை அறிய மார்ஷல் தீவுகளின் கதையை அறிதல் வேண்டும். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே பவளப்பாறை வளையங்களாகச் சிதறிக் கிடப்பவை இத்தீவுகள். இரண்டாவது உலக யுத்தத்தில் யப்பானியரிடமிருந்து இவற்றை அமெரிக்கா கைப்பற்றியது. 1947இல் ஐக்கிய நாடுகள் சபை இவற்றை நம்பிக்கைப் பொறுப்புப் பிரதேசமாக அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தீவு மக்களின் நலனையும் நிலத்தையும் பேணுதல் அப்பொறுப்பை ஏற்ற நாட்டின் கடமை எனக் கூறப்பட்டது.

பொறுப்பு ஒப்படைக்கப்படுவதற்கு முன்னரே பரீட்சைகள் தொடங்கிவிட்டன. 1946 மார்ச் மாதத்தில் பிக்கினித் தீவு மக்கள் 167 பேர் தம் பிறந்த மண்ணிலிருந்து வேறு தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். மனிதகுலத்தின் நன்மைக்காகச் சில காலம் இடம்பெயருமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. கேட்டவர்களிடம் யுத்தக்கப்பல்கள் இருந்தன. கேட்கப்பட்டவர்களிடம் தோணிகள் இருந்தன. 1946 முதல் 1958 வரை பிக்கினியிலும் எனிவெற்றொக்கிலும் அவற்றை அண்டிய பகுதியிலுமாக 67 அணுவாயுதங்கள் வெடிக்கப்பட்டன.

இவற்றுள் 1954 மார்ச் 1ஆம் திகதி பிக்கினியில் வெடித்த குண்டு உலகையே அதிரவைத்தது. பதினைந்து மெகாதொன் வலுவுடைய அக்குண்டு விஞ்ஞானிகள் கணித்ததைப் போல் இரண்டரை மடங்கு வலிமையோடு வெடித்தது. ஹிரோஷிமாவை அழித்த குண்டைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. வெடிப்பிற் பவளப்பாறை துகளாகி, கதிரியக்கம் ஏறிய வெண்சாம்பலாக வானில் எழுந்து, காற்றோடு கிழக்கே சென்று பொழிந்தது. றொங்கெலப் தீவின் குழந்தைகள் அச்சாம்பலிற் கால் அளைந்தனர். இரண்டு நாள் கழிந்தபின்னரே அமெரிக்கக் கடற்படை வந்து அத்தீவு மக்களை ஏற்றிச் சென்றது. அவர்களின் தோல் வெந்து புண்ணாகியது, தலைமயிர் உதிர்ந்தது. அணுச்சக்தி ஆணைக்குழுவோ, தீக்காயம் எவருக்கும் இல்லை, அனைவரும் நலம் என அறிவித்தது.

இவ்வறிக்கையின் பொய்மை வெளிப்படக் காரணமாயிற்று இன்னொரு சிறு கலம். ‘ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்’ என்ற பெயருடைய யப்பானிய மீன்பிடிக் கப்பல் அன்று, தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே, மீன்பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த 23 தொழிலாளர் மீதும் சாம்பல் விழுந்தது. இரு கிழமைகளின் பின் அவர்கள் கரைசேர்ந்தபோது உடலெங்கும் நோயோடு வந்தனர். கப்பலின் வானொலி இயக்குநராகிய அயிகிச்சி குபொயாமா அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி உயிர்நீத்தார். கதிரியக்கத் தூசி என்னும் சொல் அதன் பின்னரே உலகத்துப் பத்திரிகைகளிற் பரவலாயிற்று.

மார்ஷல் தீவு மக்கள் மௌனமாக இருந்தனர் என எண்ணுதல் தவறு. குண்டு வெடித்து இரண்டு மாதம் ஆகுமுன், 1954 ஏப்ரலில், அவர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனு அனுப்பினர். இப்பரீட்சைகளை உடனே நிறுத்துக என்பது அவர்களின் முதற் கோரிக்கை. நிலம் தமக்குப் பயிரிடும் இடமும் வீடு கட்டும் இடமும் மாத்திரமன்று, அதுவே தமது உயிர் என அவர்கள் எழுதினர். சபை அனுதாபம் தெரிவித்தது. முன்னெச்சரிக்கையோடு பரீட்சையைத் தொடரலாம் என்றது. அதே ஏப்ரல் இறுதியிற் கொழும்பிற் கூடிய இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதம மந்திரிகள், ஐதரசன் குண்டுப் பரீட்சைகளை இடைநிறுத்த வேண்டுமெனக் குரல் எழுப்பினர். யப்பானில் ரோக்கியோ நகரின் சுகினாமிப் பகுதியில் இல்லத்தரசிகள் வீடு வீடாகச் சென்று தொடங்கிய கையெழுத்து இயக்கம், ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துக்களைத் திரட்டியது. பாய்க்கப்பல்கள் புறப்படுவதற்கு முன்னர் இவ்வளவும் நடந்தேறிவிட்டன.

கடலில் இருக்கும்போது பிறந்த சட்டம்

1958இல் அமெரிக்கா மற்றுமொரு பரீட்சைத் தொடரை அறிவித்தது. மார்ச் 31ஆம் திகதி சோவியத் யூனியன் தனது பரீட்சைகளை ஒருதலையாக நிறுத்துவதாகப் பிரகடனம் செய்தபின்னரும் அத்திட்டம் கைவிடப்படவில்லை. ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை 35 வெடிப்புக்கள் அத்தொடரில் நிகழ்ந்தன.

இதனை எதிர்த்துச் சில அமெரிக்கர் வித்தியாசமான ஒரு வழியை நாடினர். குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சபையைச் சார்ந்தோரும் அவர்களின் தோழர்களுமாகிய நால்வர், 30 அடி நீளமுள்ள ‘கோல்டன் றூல்’ (பொன்விதி) என்ற பாய்க்கப்பலில் எனிவெற்றொக் பரீட்சை வலயத்துக்கே செல்வதெனத் தீர்மானித்தனர். கலத்தின் தலைவர் அல்பேட் பிகலோ யுத்தகாலத்தில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் ஒன்றுக்குத் தளபதியாக இருந்தவர். ஹிரோஷிமாச் செய்தி அவரது மனத்தை மாற்றியது. ஓய்வூதிய உரிமை கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்னதாகக் கடற்படைச் சேமப்படையிலிருந்து விலகினார். குண்டினால் முகம் சிதைந்து, சிகிச்சைக்காக 1955இல் அமெரிக்கா வந்த யப்பானியப் பெண்களில் இருவர் அவர் இல்லத்திலேயே தங்கியிருந்தனர். யுத்தத்தை நடத்தியவரின் மனச்சாட்சி யுத்தத்துக்கு எதிராக எழுந்தமையை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

பெப்ரவரியிற் கலிபோர்னியாக் கரையிலிருந்து புறப்பட்ட முதல் முயற்சி புயலினால் முறிந்தது. மார்ச் 25ஆம் திகதி மீண்டும் புறப்பட்டு ஏப்ரல் 19இல் ஹொனலுலுவை அடைந்தனர். இடையில் ஏப்ரல் 11ஆம் திகதி, அவர்கள் நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்த வேளையில், அணுச்சக்தி ஆணைக்குழு ஒரு புதிய விதியை வெளியிட்டது. பரீட்சை வலயத்துக்குள் அமெரிக்கப் பிரசைகள் பிரவேசித்தல் குற்றம் என்றது அவ்விதி. வலயத்தின் பரப்போ 3,90,000 சதுர மைல். இலங்கைத் தீவைப் போல் பதினைந்து மடங்கு நீர்ப்பரப்பு ஒரு காரியாலயத்தின் கடதாசித் தாளினாற் பூட்டப்பட்டது. அதே வாரங்களில் ஜெனீவாவிற் கூடியிருந்த சர்வதேச மகாநாடு, ஆழ்கடல் எல்லா நாடுகளுக்கும் திறந்தது, எந்த அரசும் அதன் எப்பகுதியையும் தன் இறைமைக்கு உட்படுத்தல் ஆகாது என்ற உடன்படிக்கையை நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

பொன்விதிக்காரர் விதியைப் பொருட்படுத்தவில்லை. மே 1ஆம் திகதி ஹொனலுலுவிலிருந்து பாய் விரித்தனர். கரையோரக் காவற்படை சில மைல் தூரத்திலேயே அவர்களை மறித்து மீட்டு வந்தது. நீதிமன்றம் தண்டனையை ஒத்திவைத்து எச்சரித்தது. ஜூன் 4ஆம் திகதி மீண்டும் முயன்றனர். இம்முறை அறுபது நாட் சிறைவாசம் கிடைத்தது. கலம் துறையிற் கட்டப்பட்டுக் கிடந்தது. அதிகாரிகள் பிரச்சினை முடிந்தது என நிம்மதி கொண்டனர்.

ஆய்வாளரின் கணக்கு

அதே துறைமுகத்திற் சற்றுத் தள்ளி நின்றது ‘பீனிக்ஸ்’. அதன் சொந்தக்காரர் ஏர்ள் றெயினோல்ட்ஸ் போராட்டக்காரர் அல்லர். அரசியலில் ஈடுபாடு அற்றவராகவே அதுவரை வாழ்ந்தவர். நம் கட்டுரையின் மையம் இம்மனிதரிடத்தே உள்ளது.

1951இல் அணுக்குண்டு விபத்து ஆணைக்குழு என்ற அமெரிக்க நிறுவனம் அவரை ஹிரோஷிமாவுக்கு அனுப்பியது. குண்டுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் வளர்ச்சியை ஆராய்தல் அவருக்கு இடப்பட்ட பணி. மூன்றாண்டு காலம் ஆயிரக்கணக்கான சிறுவரின் உயரத்தையும் நிறையையும் எலும்பு வளர்ச்சியையும் அவர் அளந்தார். குண்டுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஏனையோரிலும் குன்றி வளர்ந்தமையை அவருடைய அட்டவணைகள் காட்டின. இந்த ஆணைக்குழுவைப் பற்றி ஹிரோஷிமா மக்களிடையே ஒரு கசப்பு நிலவியது. அது ஆராய்ந்தது, வைத்தியம் செய்யவில்லை. நோயாளரைப் பரிசோதித்துக் குறிப்பெடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அறிவு அங்கே ஒருவழிப் பாதையிற் சென்றது. தந்தவர்களுக்கு அது திரும்பி வரவில்லை.

றெயினோல்ட்ஸ் அந்நாளில் இதையெல்லாம் பெரிதாக எண்ணியவர் அல்லர். இளமையிலிருந்து அவருக்கு ஒரு கனவு இருந்தது: சொந்தப் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றுதல். ஹிரோஷிமாவை அடுத்த மியாஜிமகுச்சிக் கரையில், யப்பானியத் தச்சர்களின் கைத்திறனால், அவர் வரைந்த மாதிரிப்படி பீனிக்ஸ் உருவானது. 1954 மே மாதம் நீரில் இறக்கப்பட்டது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரைச் சாம்பலான நகரத்தின் பெயரோடு இணைத்துச் சூட்டினர். அவ்வாண்டு ஒக்டோபரிற் குடும்பத்தோடும் மூன்று யப்பானிய இளைஞரோடும் புறப்பட்டார். முதற் கட்டமாகிய ஹவாய்ப் பயணமே ஏறத்தாழ ஏழு வாரம் எடுத்தது. பின்னர் தென்கடற் தீவுகள், அவுஸ்திரேலியா, இந்து சமுத்திரம், தென்னாபிரிக்கா, அத்திலாந்திக், பனாமா என நான்காண்டு உலகைச் சுற்றி 1958இல் மீண்டும் ஹொனலுலுவை அடைந்தனர். எஞ்சியது ஹிரோஷிமாவுக்கு மீளும் கடைசிக் கட்டம் மட்டுமே.

அங்கேதான் பொன்விதியின் மாலுமிகளை அவர்கள் சந்தித்தனர். வழக்கு நடக்கும் மன்றத்துக்குச் சென்று கேட்டனர். முதலில் தயக்கமே இருந்தது. றெயினோல்ட்ஸ் பழகிய ஆய்வாளருக்குரிய முறையில், அரசு வெளியிட்ட அறிக்கைகளையும் அறிவியற் கட்டுரைகளையும் தேடிப் படிக்கத் தொடங்கினார். அவர் கண்டது யாது?

குண்டு வெடிப்பிற் பிறக்கும் பொருள்களுள் ஸ்ற்றொன்சியம்-90 ஒன்று. அதன் இரசாயன இயல்பு கல்சியத்தை ஒத்தது. மழையோடு நிலத்தில் இறங்கி, புல்லிற் சேர்ந்து, பசுவின் பாலிற் கலந்து, குழந்தையின் எலும்பிற் குடிகொள்கிறது. அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 29 ஆண்டு வேண்டும். வளரும் பிள்ளைகளே அதற்கு முதல் இரை. இவ்வுண்மையை உலக விஞ்ஞானிகள் பலர் எடுத்துரைத்தனர். லைனஸ் போலிங் என்ற இரசாயன அறிஞர் திரட்டிய, 9,000க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் ஒப்பமிட்ட மனு 1958 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையிற் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் தன் மக்களுக்குச் சொன்னதோ, ஆபத்து மிகச் சிறிது என்பதே. ஹிரோஷிமாப் பிள்ளைகளைத் தன் கையால் அளந்த ஒருவருக்கு இந்த வார்த்தை போதுமானதாக இல்லை. மற்றையோர் அறியாமையினால் மௌனமாக இருக்கலாம். அவருக்கு அந்த வசதி இல்லை. அவர் மேசையில் இருந்த எண்கள் பிள்ளைகளின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்பதே அவர் முன் நின்ற வினா.

இருபது நாட் பயணம்

ஹொனலுலுவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு மேற்கு முகமாகச் செல்லும் பாய்க்கப்பலுக்குக் கீழ்க்காற்றே துணை. நம் கரையோர மக்கள் கொண்டல் என வழங்கும் திசைக்காற்று அங்கே பெரும்பகுதி ஆண்டும் ஒரே சீராக வீசுகிறது. அக்காற்றோடு இயல்பாக ஓடும் வழி பரீட்சை வலயத்தின் ஊடாகவே செல்கிறது. இது அவர்களுக்கு ஒரு சாதகம். வீடு திரும்பும் வழியைத் தேடிச் செல்வோரையே சட்டம் மறித்தது என்பது தெளிவாயிற்று.

புறப்படும்போது வலயத்துக்குட் புகுவதெனத் தீர்மானம் செய்திருக்கவில்லை. அதனைக் கடலிலேயே எல்லாரும் கூடி முடிவு செய்வதென்று வைத்துக்கொண்டனர். ஆழ்கடலிற் சிறு கலத்தின் வாழ்வு ஒழுங்கானது. சுக்கானைப் பிடிப்பதற்கு இரவும் பகலும் முறை உண்டு. நடுப்பகலிற் கோணமானியாற் சூரியனின் உயரத்தை அளந்து, கடிகாரத்தையும் அட்டவணையையும் கொண்டு நிலையைக் கணித்து, வரைபடத்தில் ஒரு புள்ளி குறிக்க வேண்டும். பீனிக்சில் அக்கணிப்பு மகன் டெட்டின் பொறுப்பு. பிற பயணங்களில் அப்புள்ளிகள் கரையை நோக்கி நகர்வதைக் கண்டு மகிழ்வர். இப்பயணத்தில் ஒவ்வொரு நாட் புள்ளியும் ஒரு கேள்வியை நோக்கி நகர்ந்தது. 2,000 மைலுக்கு மேற்பட்ட அத்தூரத்தைக் கடக்க இருபது நாள் பிடித்தது. விமானத்திற் சில மணித்தியாலம். அந்தத் தாமதம் பயனற்றதன்று. அச்சத்தை அச்சம் என அறியவும், முடிவைத் தம் முடிவாக்கிக்கொள்ளவும் அது அவகாசம் தந்தது.

பிள்ளைகளையும் அழைத்துச் சென்றது தகுமா என அன்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வி. டெட்டும் ஜெசிக்காவும் கலந்துபேசித் தம் சம்மதத்தைக் கூறியவர்கள். றொங்கெலப் பிள்ளைகளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. பெற்றோரைக் கண்டிக்கும் உரிமை, அச்சாம்பலைப் பொழிந்தவர்களையும் கண்டித்தவர்களுக்கே உண்டு.

ஜூலை 1ஆம் திகதி மாலை பீனிக்ஸ் கோட்டைத் தாண்டியது. ஒளிந்து செல்லவில்லை. வலயத்துள் நுழைகிறோம், அணுவாயுதப் பரீட்சைக்கு எதிர்ப்பாக நுழைகிறோம் என றெயினோல்ட்ஸ் வானொலியில் அறிவித்தார். மறுநாட் காலை கரையோரக் காவற்படையின் ‘பிளேன்றீ’ என்ற கப்பல் அவர்களை அணுகிற்று. அதிகாரிகள் ஏறிவந்து கலத்தின் தலைவரைக் கைதுசெய்தனர். பீனிக்ஸ் குவாஜலின் என்ற இராணுவத் தீவுக்குத் திருப்பப்பட்டது. அங்கிருந்து றெயினோல்ட்ஸ், மனைவி மகளுடன் விமானத்தில் ஹொனலுலுவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தைக் குறிப்பிட வேண்டும். அவ்விதி கட்டுப்படுத்தியது அமெரிக்கப் பிரசைகளையும் அந்நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டோரையும் மாத்திரமே. ஹிரோஷிமாவைச் சேர்ந்த மிக்காமியை அது தீண்டவில்லை. ஆழ்கடலில் அவர் எங்கும் செல்லலாம்! கதிரியக்கத்திலிருந்து உயிர்களைக் காப்பது விதியின் நோக்கமாயின், யப்பானியரின் உயிரைக் காக்க அதற்கு மனமில்லையா? சாட்சிகளை அகற்றுதலே அதன் நோக்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னர் பார்பரா குவாஜலினுக்குத் திரும்பிச் சென்றார். டெட்டும் மிக்காமியும் அவருமாக மூவர், பீனிக்சை ஹொனலுலுவுக்கு மீட்டு வந்தனர். வந்தபோது துணைநின்ற கொண்டற்காற்று இப்போது எதிர்க்காற்று. அங்குமிங்கும் வெட்டி ஓடிப் பல வாரம் போராடினர். மாலுமித்திறனை அளவுகோலாகக் கொண்டால், இந்தத் திரும்புபயணமே மிகக் கடினமானது. பத்திரிகைகள் அதனைப் பெரிதாகப் பேசவில்லை.

வழக்கும் பின்விளைவும்

நீதிமன்றம் றெயினோல்ட்சைக் குற்றவாளி எனக் கண்டது. அவர் மேன்முறையீடு செய்தார். இரண்டு ஆண்டுக்கு மேலாக வழக்கு இழுபட்டது. 1960 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்விதி உரிய முறைப்படி பிறப்பிக்கப்படவில்லை, ஆகையாற் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அவசரத்திற் கடலைப் பூட்டியவர்கள் பூட்டைச் சரியாக மாட்டவில்லை. ஆழ்கடலை ஒரு அரசு மூடலாமா என்ற பெரிய வினாவை மன்றம் தொடாமலே சென்றது. 1960இல் பீனிக்ஸ் ஹிரோஷிமாவை அடைந்தது. அதனோடு முழுதும் சென்ற மிக்காமி, பாய்க்கப்பலில் உலகைச் சுற்றிய முதல் யப்பானியர் என்ற சிறப்பைப் பெற்றார்.

இரு படகுகள் பரீட்சைகளை நிறுத்திவிட்டன எனக் கூறுதல் மிகையாகும். 1963 ஓகஸ்ட் 5ஆம் திகதி மொஸ்கோவிற் கைச்சாத்தான ஒப்பந்தம், வளிமண்டலத்திலும் விண்ணிலும் நீருக்கடியிலும் அணுவாயுதப் பரீட்சை நிகழ்த்துவதைத் தடைசெய்தது. அதன் பின்னால் நின்றவை சுகினாமி இல்லத்தரசிகளின் கையெழுத்துக்கள், மார்ஷல் தீவாரின் மனு, ஆசிய ஆபிரிக்க நாடுகளின் குரல், விஞ்ஞானிகளின் மனு, பால்பற்களிற் கதிரியக்கம் தேடிய அமெரிக்கத் தாய்மார். இவற்றோடு சேர்ந்தே படகுகளும் பேசின. சில அமெரிக்கரும் ஒரு நீதிமன்றமும் சம்பந்தப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் செவிசாய்த்தன. தீவு மக்கள் எழுதியபோது செவிசாய்க்கவில்லை. ஒரு வெள்ளையரின் கைது ஆயிரம் தீவாரின் நோயிலும் பெரிய செய்தியாகக் கொள்ளப்பட்ட உலகு அது. இதனை மறந்து றெயினோல்ட்சைத் தனிப்பெரும் வீரராகப் போற்றுதல் அவருக்கே உவப்பாயிராது.

முற்போக்குச் சிந்தனையுடைய நாம் மறைக்கலாகாத மற்றொன்றும் உண்டு. 1961 செப்டெம்பரில் சோவியத் யூனியன் தன் பரீட்சைகளை மீண்டும் தொடங்கியது. அடுத்த மாதமே பீனிக்ஸ் ஹிரோஷிமாவிலிருந்து நக்கோட்காத் துறையை நோக்கிச் சென்றது. ஹிரோஷிமா, நாகசாக்கி மக்கள் எழுதிய நூற்றுக்கணக்கான சமாதானக் கடிதங்கள் அதில் இருந்தன. சோவியத் காவற்கலம் மறித்தது. அதன் தலைவர் அக்கடிதங்களை ஏற்க மறுத்தார். அமெரிக்கச் சாம்பல் நச்சு, சோவியத் சாம்பல் நச்சன்று எனக் கருதியோர் உலகெங்கும் இடதுசாரிகளிடையேயும் இருந்தனர். குழந்தையின் எலும்பு அந்த வேறுபாட்டை அறியாது. 1967 மார்ச்சில் அதே பீனிக்ஸ், அமெரிக்க அரசின் தடையை மீறி, குண்டுவீச்சுக்கு உள்ளான வட வியட்நாமின் ஹைபொங் துறைக்கு மருந்துப் பொருள்களை ஏற்றிச் சென்றது. இரு திசையிலும் சென்ற கலத்தை எந்தத் தரப்பும் தன் பிரசாரக் கொடியாக்க இயலவில்லை.

பொன்விதியின் தலைவர் பிகலோ 1961இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிறவெறிக்கு எதிராகப் பேருந்திற் சென்ற சுதந்திரப் பயணிகளுள் ஒருவராகி, நீக்ரோ இளைஞர் ஜோன் லூயிசைத் தாக்கியவர்களுக்கு இடையே தன் உடலை வைத்து அடிபட்டார். பார்பரா ஹிரோஷிமாவிலேயே தங்கி, குண்டுக்குத் தப்பியோரை உலக நாடுகளுக்கு அழைத்துச் சென்று பேசவைத்தார். 1965இல் அங்கு உலக நட்புறவு நிலையத்தை நிறுவினார். ஆய்வாளர் மக்களிடமிருந்து எடுத்துச் சென்ற உண்மையை மக்களே தம் வாயால் உலகுக்குக் கூறும் வழி அதனாற் பிறந்தது. ஒருவழிப் பாதையாயிருந்த அறிவு அங்கே திரும்பி நடக்கத் தொடங்கியது.

பொன்விதியின் முன்மாதிரியைக் கண்டே 1971இல் கனடாவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு அலாஸ்காவின் அம்சிற்காப் பரீட்சைத் தீவை நோக்கிப் புறப்பட்டது. கிறீன்பீஸ் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1957இல் ஆபத்தில்லை எனக் கூறி மீளக் குடியேற்றப்பட்ட றொங்கெலப் மக்கள், நோயும் குறைப்பிறப்பும் தாங்கமாட்டாது 1985இல் தாமே தம் தீவைவிட்டு வெளியேறினர். ஏற்றிச் செல்ல எந்த அரசும் வரவில்லை. வந்தது அவ்வியக்கத்தின் ‘றெயின்போ வொறியர்’ கப்பலே. பிக்கினிக்கு 1970களில் திரும்பிய சிலரும் 1978இல் மீண்டும் அகற்றப்பட்டனர்.

கலங்களின் முடிவும் கூறத்தக்கது. 2010இல் இரண்டுமே கலிபோர்னியாவில் நீரில் மூழ்கின. பொன்விதியைப் போர்க்களம் கண்ட முன்னாட் படையினர் சிலர் தூக்கியெடுத்து, பலகை பலகையாகச் செப்பனிட்டு, 2015 ஜூனில் மீண்டும் நீரில் விட்டனர். பீனிக்ஸ் மொகலம்னி ஆற்றின் அடியிற் சென்று தங்கியது.

நம் வகுப்பறைகளில் மாணவர்க்கு அளத்தலைக் கற்பிக்கிறோம்: நீளம், நிறை, வெப்பம், வேகம். அளந்ததைப் பிழையின்றி எழுதவும் கற்பிக்கிறோம். எவரை அளந்தோமோ அவருக்கு நாம் என்ன கடமைப்பட்டோம் என்ற கேள்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. ஹிரோஷிமாவில் மூன்றாண்டு பிள்ளைகளை அளந்த ஒருவர், அக்கேள்விக்கு விடை காண நான்காண்டு கடலைச் சுற்றி, கடைசி இருபது நாளிலே அதனைக் கண்டார். அந்த விடையைப் பாடமாக வைக்க முடியாதிருக்கலாம். கேள்வியையாவது மாணவர் முன் வைப்பது நம் கையில் உள்ளது.